அன்லிமிடெட்

ஃபஹாஹீலில் வெள்ளி மதியம்.
பள்ளிவாசல் விட்டு, சர்ச்சும் விட்டு
ஊர் முழுக்க ஒரே ஹோட்டல் வாசலில்.
ஜூலை.
உள்ளே ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர்
சாய்மானத்தில் கை வைத்து நிற்கிறார்,
நம் இலையில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று
நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்.

ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு இது முதல் ஹோட்டல்.
ஐந்து மாதம், முப்பத்தொரு கிலோ.
ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன்
என்னிலிருந்து எழுந்து போயிருக்கிறான்.

டாக்டர் ஹெஸ்ஸா மருந்துச் சீட்டின் பின்னால்
வாழைப்பழம் ஒன்று வரைந்து
இனி இதுதான் உன் வயிறு என்றார்.
ஒரு வாய்க்கு முப்பது மெல்லல்.
சாப்பிடும்போது தண்ணீர் கூடாது,
முடித்த பின்னும் அரை மணி நேரம் கூடாது.
எல்லாம் சொன்னவர்
'போதும்' என்ற சொல்லைப் பற்றி மட்டும்
ஒன்றும் சொல்லவில்லை.

குண்டாக இருந்த காலத்தில்
அது என் சொல்.
கல்யாண வீடு, ஆபீஸ் பார்ட்டி, எங்கே போனாலும்
நாலாவது கவளத்தில் போதும் என்று எழுந்துவிடுவேன்.
பக்கத்து மேசைகளுக்கு ஒரு கண் என் தட்டில்.
அப்புறம் வீட்டுக்கு வந்து
லைட் போடாமல்
ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றுகொண்டு
நேற்றைய சோற்றைக் குழம்போடு
சட்டியிலிருந்தே.
டார்வின் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பான்.
ஒரு நாளும் கேட்டதில்லை.

பதினாறு வருடம் பொய்யாகச் சொன்னேன், ஊர் நம்பியது.
இன்றைக்கு நிஜம்.

"மேடம், மீன் குழம்பு?"
முபீன் வாளியோடு நிற்கிறான்.
இலைக்குக் குறுக்கே கை.
"அன்லிமிடெட் மேடம். காசு ஒண்ணுதான்."
"டயட்டா? இன்னிக்கு ஒருநாள் விடுடீ" என்கிறாள் ஷீபா.
சபையில் பித்தப்பைக் கல் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.
மேனேஜரே வந்துவிட்டார்:
"சாப்பாட்ல ஏதாவது குறையா?"
குறை இல்லை அண்ணே.
குறைத்ததுதான்.
(இதைச் சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.)

தீப்பெட்டி அளவு நெய்மீன் துண்டு.
நார் நாராகப் பிரித்து
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.
முதுகுக்குப் பின்னால் நிற்பவர் கால் மாற்றுகிறார்.
அவர் பையன் எட்டிப் பார்த்து
"வாப்பா, இந்த ஆன்ட்டி
இன்னும் அதே மீனைத்தான் சாப்பிடுறாங்க."
மேசை முழுக்க ஒரு நொடி
யாரும் மெல்லவில்லை.

ஒன்பதாவது வாயில் தும்மல் வந்தது.
வயிறு நிறைந்ததற்கு இப்போது அதுதான் மணி.
அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.
ஆனால் அந்தக் குழம்பில்
மாங்காய் போட்டிருந்தார்கள்.

பத்தாவது வாய் நெஞ்சில் கல்லாக நின்றது.
வாயில் எச்சில் ஊறி ஊறி
பாத்ரூமில் பதினெட்டு டைல்ஸ் எண்ணினேன்,
வெளியே கதவைத் தட்டினார்கள்,
மறுபடி எண்ணினேன்.
பிறகு இறங்கியது,
கோபித்துக்கொண்டு மாடியேறிப் போன பிள்ளை
தானாக இறங்கி வருவதுபோல.

திரும்பி வந்தால் என் நாற்காலியில்
அந்தப் பையன்.
புது இலை.
டார்வின் என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
பில் கட்டும் வரிசையில் நிற்கிறான்.
பையனுக்கு முப்பது, முப்பத்தொரு கிலோ இருக்கும்.
அப்பளத்தை உள்ளங்கையால் நொறுக்கிவிட்டு
வாளியைப் பார்த்து
"இன்னும்" என்கிறான்.
"இன்னும்."
முபீன் போட்டுக்கொண்டே இருக்கிறான்.
நான் நின்று பார்த்தேன்,
கொஞ்சம் கூடுதலாகவே.

காருக்குள் இருக்கை சுடுகிறது.
ஏசி இன்னும் வெந்நீர்க் காற்றைத்தான் தள்ளுகிறது.
டார்வின் தண்ணீர் பாட்டிலை எடுத்து
மூடியைத் திருகிவிட்டு
என்னிடம் தராமல்
தன் தொடைகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு
மணி பார்க்கிறான்.

"இன்னும் பதினோரு நிமிஷம்."